சம்பந்தியின் தீயுருண்டை

சிவமயம்

உடுவில்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகன் சிவகரன் அவர்களுக்கு,

நல்லூரான் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் மாமியும் கீர்த்திகாவும் பசுவும் கன்றும் சுகம். கொழும்பு வெக்கையில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். வாட்சப்பில் அனுப்பினால் கை தவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிடும் என்பதால் தபாலில் எழுதுகிறேன். ஆவணியில்தான் தாலிகட்டு என்றாலும் உங்களை மருமகன் என்று எழுதக் கை பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை விடவேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இக்கடிதம்.

முதலில் ஒன்று. உங்கள் தகப்பனாரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நெல்லியடியில் கதிரவேலர் என்றால் எழுந்து நிற்காதவர் இல்லை. நான் குறை சொல்வது மந்திரவாதியை. மந்திரவாதியும் உங்கள் தகப்பனாரும் ஒரே கதிரையில் இருப்பது என் குற்றமில்லை.

பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பெட்டியைத் தந்து என்ன சொன்னீர்கள்? "மாமா, இது சும்மா கதை விளையாட்டு. குகைக்குள்ளை என்ன நடக்குது எண்டு கீர்த்திகா சொல்லுவா. நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு சொல்லித் தாயக்கட்டையை உருட்டுங்கோ. சனிக்கிழமையிலை ரெண்டு குடும்பமும் சேர்ந்து விளையாடினால் ஒட்டுறவு வரும்" என்றீர்கள். ஒட்டுறவு வந்ததோ இல்லையோ, எனக்கு மீசை போய்விட்டது.

நான் ஆயுள் முழுதும் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவன். ஆகவே ஆளுக்கொரு வேடம் என்றதும் வாள்வீரனை எடுத்தேன். இரும்புச் சட்டை, கேடயம், ஆளுயர வாள். ஓய்வுபெற்ற காணிப் பதிவாளரான உங்கள் தகப்பனார் பெட்டிக்குள் இருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு மந்திரவாதியை எடுத்தார். ஒரு நீளச் சட்டை, ஒரு தடி. பாவம் மனுசன், ஓர் அடிக்குத் தாங்கமாட்டார், நான் முன்னுக்கு நின்று காப்பாற்றுவேன் என்று இரக்கப்பட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டின கதை. (ஓணான் என்றதும் மந்திரவாதியைத்தான்.)

கேளுங்கள் மருமகன். பூட்டிய கதவு என்பாள் கீர்த்திகா. நான் தோளால் இடிப்பேன், கட்டை இரண்டைக் காட்டும், தோள் கழன்றுவிடும், கதவு அசையாது. உங்கள் தகப்பனார் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு சொல் சொல்வார், கதவு திறந்துவிடும். குறுக்கே ஓர் ஆறு என்பாள், நான் இரும்புச் சட்டையோடு இறங்கி மூக்கால் வாயால் தண்ணீர் குடிப்பேன், அவர் பறந்துபோய் அக்கரையில் நின்று "சம்பந்தி, கவனமா வாங்கோ" என்பார். பூதம் என்றால் மட்டும் "சம்பந்தி, நீங்கள் முன்னுக்குப் போங்கோ". போனேன். குட்டிப் பூதங்கள் சூழ்ந்துகொண்டன, ஒன்றையாவது வெட்டுவோம் என்று வாளை ஓங்குகிறேன், பின்னாலிருந்து வந்தது ஒரு தீயுருண்டை. பூதங்களும் எரிந்தன, என் வீரனின் மீசையும் எரிந்தது. "பட்டுட்டுதோ சம்பந்தி?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவன் என்ன சொல்வது? "சீச்சீ, சூடே தெரியேல்லை" என்றேன்.

யார் முந்தி அடிப்பது என்பதற்கு எல்லோரும் கட்டை உருட்டவேண்டும், கூட விழுந்தவர் முந்தவேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் முதல் நாளே உங்கள் மாமி வடைத் தட்டோடு வந்து, "இஞ்சேருங்கோ, மாப்பிள்ளை வீட்டுக்காரர் இருக்கேக்கை நாங்கள் முந்துறதே? அவர் முதல் செய்யட்டும்" என்றாள். அன்று தொடக்கம் அவர்தான் முதல். அவர் எரித்து முடித்தபின் எனக்கு வெட்டக் கிடைப்பது கரி.

இதற்கு மேல் இன்னொன்று. புத்தகப்படி அவருக்கு ஒரு நாளைக்குத் தீயுருண்டை இரண்டுதான். அவர் மூன்றாவதை எறிந்தபோது கீர்த்திகா என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய தாயைப் பார்த்தேன். தாய் வடைத் தட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், உங்கள் மந்திரம் முடிந்துவிட்டது என்று எந்தப் பெண்வீட்டான் சொல்வான்? பிறகு கீர்த்திகாவிடம் கத்தினேன், இது என்ன ஓரவஞ்சகமான புத்தகம் என்று. அவள் சொன்னாள்: "புத்தகத்திலை பிழையில்லை அப்பா. சம்பந்தி மரியாதை எண்டு ஒண்டு இருக்கெண்டு எழுதினவனுக்குத் தெரியேல்லை."

நேற்று மலை அரக்கன் ஒருவன் என்னைக் கையில் தூக்கிவிட்டான். இன்னும் ஓர் அடி விழுந்தால் வீரனின் கதை சரி, செத்தால் செத்ததுதான். உங்கள் தகப்பனார் கட்டையை எடுத்தார். "பயப்பிடாதையுங்கோ சம்பந்தி, எறியிறன் ஒரு தீயுருண்டை." அது அன்றைக்கு ஐந்தாவது. அரக்கனோடு நானும் கருகியிருப்பேன். எனக்குள் இத்தனை நாள் கிடந்தது வாயால் வந்துவிட்டது.

"சம்பந்தி, உங்கடை மந்திரம் எப்பவோ முடிஞ்சுது!"

வீடு செத்த வீடாகிவிட்டது. உங்கள் தகப்பனார் கட்டையை வைத்தார். சால்வையை எடுத்து வாயைத் துடைத்தார். "வாறன்" என்றார். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தேத்தண்ணி தொடாமல் கிடந்தது, மருமகன். சம்பந்தி தேத்தண்ணி குடிக்காமல் வாசற்படலை தாண்டினால் அதன் அர்த்தம் ஊருக்கே தெரியும். மாமி என்னோடு கதைக்கவில்லை. கீர்த்திகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அந்தக் கதவைத் தோளால் இடிக்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே பெட்டியைக் கொண்டுவந்த நீங்களே தீர்ப்புச் சொல்லவேண்டும். மந்திரவாதியின் நெருப்பைப் பாதியாகக் குறையுங்கள். பறப்பதை நிறுத்துங்கள். வீரனுக்கும் ஒரு கதவாவது திறக்கட்டும். முடிந்த மந்திரத்தை முடிந்தது என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால்தான் ஆவணி நடக்கும் என்றால் எழுதுங்கள், நெல்லியடி பஸ்ஸில் ஏறிப் போய்க் கேட்கிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
மாமா (இப்போதைக்கு),
பஞ்சலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். உங்கள் தகப்பனார், கையில் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம். கதிரையில் இருந்து முதல் வேலையாகத் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "சம்பந்தி, மந்திரம் முடிஞ்சது எனக்கு எப்பவும் தெரியும். ஆராவது சொல்லுவியள் எண்டு பாத்தால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எதை எறிஞ்சாலும் வெல்லுற விளையாட்டிலை என்ன ருசி? நேற்று நீங்கள் கத்த எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு. சம்பந்தியின்ரை முகத்துக்கு முன்னாலை சிரிச்சால் மரியாதையில்லை எண்டுதான் எழும்பிப் போனனான். பின்னுக்கு நிண்டு அலுத்துப்போச்சு. அந்த வாளை இஞ்சை தாங்கோ."

கீர்த்திகாவின் கதவு தானாகத் திறந்தது. மாமி வடை சுடுகிறாள்.

ஆகையால் மேலே எழுதிய கோரிக்கைகளைத் தயவுசெய்து வெட்டிவிடவும். மந்திரவாதியின் நெருப்பில் ஒரு பொறிகூடக் குறைக்க வேண்டாம். பறப்பதும் இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை தொடக்கம் மந்திரவாதி நான். மாப்பிள்ளை வீட்டார்தான் முதல் அடிக்கவேண்டும் என்பது மட்டும் புத்தகத்துக்கு விரோதம் என்று மாமிக்கு உங்கள் வாயால் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

உங்கள் தகப்பனாருக்கு நல்ல அடர்த்தியான மீசை. இன்றைக்குத்தான் கவனித்தேன்.