எண்ணெயில்லாமல் மொறுமொறுவென்று

சென்றாயன் முதல் தட்டை அடுப்பிலிருந்து வெளியே இழுத்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துப் பார்த்தான். அது மழையில் நனைந்த நாடாபோல விரலின் இருபக்கமும் தொங்கியது.

பேரிகை சாலையில் அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில் பதினோரு வருஷமாக அவன்தான் சமையல்காரன். அன்று மதியம் புது அதிகாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. எண்ணெய் அவருக்கு ஆகாது. ஆனால் உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி, இரும்பு அடுப்புப் பெட்டியில் சுட்டு, மொறுமொறுவென்று வைக்கவேண்டுமாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தப் பெட்டியில் சென்றாயன் இதுவரை வெங்காயம்தான் கொட்டி வைத்திருந்தான்.

கடிதத்தின் கடைசி வரியைத்தான் அவன் திரும்பத் திரும்பப் படித்தான். போன மாதம் தங்கிய ஒருவர், 'இங்கே போடும் சப்பாத்தியைச் செருப்புக்கு அடித்தோலாகத் தைக்கலாம்' என்று பங்களாப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அது குறித்துத் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றது கடிதம்.

"தீ பத்தலை மாமா" என்றாள் அவன் மனைவி வெங்கடம்மாள். "இன்னும் கொஞ்சம் கரி தள்ளு."

தள்ளினான். இரண்டாவது தட்டு வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் வந்தது.

"பேசாம எங்கூரு வேப்பனப்பள்ளிக்கே போயிடலாம். எங்கண்ணன் மாந்தோப்புல காவலுக்கு ஆளு வேணும்னுது" என்றாள் வெங்கடம்மாள்.

"இந்த வயசுல உங்கண்ணன் முன்னால கைகட்டி நிக்கணுமா?"

அவள் கருகிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள்.

"ஈரம் போவணும்" என்றாள் பிறகு. "நல்லா அலசிக் காயவெச்சுப் பாரு."

காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது, தூறல் வேறு. வெயிலுக்கு எங்கே போவது? சென்றாயன் புதிதாக நறுக்கிய துண்டுகளை இரண்டு தண்ணீரில் அலசிவிட்டு யோசித்தான். அதிகாரிக்காகத் துவைத்து வைத்திருந்த படுக்கை விரிப்பில் துண்டுகளைப் பரப்பி, மேலே மடித்து, இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்தான். ஈரம் போயிற்று. வெள்ளை விரிப்பில் வரிசையாகப் பழுப்புக் கோடுகள் விழுந்தன. பாதித் துண்டுகள் நசுங்கி அதிலேயே ஒட்டிக்கொண்டன.

"அவரு எதுல படுப்பாரு?" என்றாள் வெங்கடம்மாள்.

"மொதல்ல சாப்பிடட்டும்."

மிஞ்சியது ஒரு தட்டுக்கு மட்டும்தான். அதில் அரிசி மாவைத் தூவினான். தட்டில் விரல் நுனியால் நெய்யைத் தடவினான். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி, தீயைத் தணித்து, நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டுக் காத்திருந்தான். எடுத்தபோது பொன் நிறம். ஒன்றைத் தட்டினால் டொக்கென்றது. பதினோரு வருஷத்தில் அப்படியொரு பண்டம் அவன் கையிலிருந்து வந்ததில்லை.

வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் பெட்டியோடு நின்றார்.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும்ங்க ஐயா. மொதல்ல உக்காருங்க, சூடு ஆறிடும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் சென்றாயன்.

அவர் ஒரு துண்டைக் கடித்தார். சத்தம் அடுப்படிவரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை எடுத்தார்.

"அலசினியா?"

"ரெண்டு தண்ணி அலசினேனுங்க."

"மாவு?"

"அரிசி மாவுங்க."

"நெய் வாசனை வருதே."

சென்றாயன் நெய் தடவிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "விரல் நுனி அளவுதாங்க ஐயா."

"இருக்கட்டும், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். தீ எவ்வளவு வெச்சே? பெட்டியைக் காட்டு."

கோட்டுக்காரர் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். கரி எங்கே இருக்கிறது, பால் யார் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். ஒன்றையும் ஒளிக்காமல் சென்றாயன் சொன்னான். தன் சமையலைப் பற்றி இத்தனை அக்கறையாக யாரும் கேட்டதே இல்லை. கதவோரம் நின்ற வெங்கடம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோட்டுக்காரர் மேசைக்குத் திரும்பி மிச்சத்தைச் சாப்பிடத் தொடங்கியபோது ஆபீஸ் பியூன் ராமப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு நனைந்தபடி உள்ளே வந்தான்.

"சத்தம் போடாதே" என்றான் சென்றாயன். "ஐயா சாப்பிட்டுனு இருக்காரு. ரொம்பப் புடிச்சுப்போச்சு. நம்ம வேலைக்கு இனிமே பயமில்லை."

ராமப்பன் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு சென்றாயன் தோளில் கை வைத்தான்.

"அதிகாரி நாளைக்குத்தாம்பா வர்றாரு, இவரு உன் எடத்துக்குப் போட்டிருக்கிற புதுச் சமையல்காரரு."