நீலத்தவளையின் திருவாய்மொழி

கார்முகில் கவிந்ததும் வயல்தோறும் தவளைகள் ஓதுவார் குழாம் போல முறைவைத்துப் பாடும் ஆம்பல்நாட்டில், ஏரி மதகு திறக்க ஒரு மரபு இருந்தது. தவளையின் குரல் அரசவையின் காதில் விழுந்தால் மதகு திறக்கும், விழாவிட்டால் திறவாது. அம்மரபை நம்பியே தைலம்மை தன் ஒற்றை வயலுக்கு நாற்று விட்டிருந்தாள்.

அவ்வாண்டு வேடர்கள் காட்டுச் சுனையில் நீலநிறத் தவளை ஒன்றைப் பிடித்துவந்து அரசருக்குக் காணிக்கையாக்கினர். அரசர் அதனைப் பொற்கிண்ணத்தில் இட்டு, அரியணை அருகே பட்டுத்திரைக்குள் வளர்க்கலானார். அதோடு நின்றிருந்தால் கேடில்லை.

“நீலத் திருமேனி இங்கே எழுந்தருளியிருக்க, பச்சைத் தவளைகளின் கூச்சலுக்கா மதகு திறப்பது?” என்று பேரமைச்சர் சொல்வாணர், வழக்கமான தம் வறட்டு இருமலோடு உருகினார்.

இனி நீலத்தவளையார் குரலே குரல் என்று முரசறைந்தனர். திரையை விலக்கிப் பார்ப்பது குற்றமாயிற்று. மற்றத் தவளைகள் நாடுகடத்தப்பட்டன; கொசு பெருகிற்று. கொசுவை அடிப்பவர் தவளையாரின் அமுதைத் திருடுபவர் என்று அடுத்த ஆணை பிறந்தது.

தவளையாரோ வாய் திறக்கவில்லை. மலைமழையால் ஏரி தளும்ப, கீழே வயல்கள் வெடித்தன. முகமெல்லாம் கொசுக்கடித் தடிப்போடு தைலம்மை சபையில் போய் நின்றாள்.

“எசமான், நாத்து கருகுது. அது எப்பத்தான் கத்தும்?”

“அது என்னாதே, அவர் என்று சொல். குடிகளுக்குக் குறையிருந்தால் கத்தியிருப்பாரே! அவரது மௌனமே நாட்டின் நிறைவுக்குச் சான்று” என்றார் சொல்வாணர்.

“அவரு ஊமையா இருந்துட்டா என்னங்க பண்றது?”

“பொறுத்திருப்பது. அதுவே குடிமைப் பண்பு.”

தைலம்மை கும்பிட்டாள். கும்பிட்டபடியே, சந்நிதியைச் சுற்றுபவள் போலத் திரையை வலம்வந்து, பின்புறம் குனிந்து எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தில் காய்ந்த பாசிதான் இருந்தது. தவளையார் எப்போதோ தப்பிப் போயிருந்தார். அவள் மூச்சை உள்ளிழுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“கொர்ர்... கொர்ர்ர்...!”

சபை எழுந்து நின்றது. அரசர் கண்ணீர் உகுத்தார். மதகு திறந்தது.

சொல்வாணர் மட்டும் திரையின் பின்னே வந்தார். வெற்றுக் கிண்ணத்தை நோக்கினார், அவளையும் நோக்கினார். சினக்கவில்லை.

“நல்ல சாரீரம் உனக்கு” என்றார் மெல்ல. “இவ்வளவு எளிது என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே! வீட்டுக்குப் போ. எதையும் நீ பார்க்கவில்லை.”

நாற்று பிழைத்தது. நடவு முடிந்த மாலையில் வரப்பின்மேல் நீலத்தவளை அமர்ந்து, நாவை நீட்டிக் கொசு பிடித்துக்கொண்டிருந்தது. தைலம்மை வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது அரண்மனைத் திசையிலிருந்து கம்பீரமாய் ஒரு “கொர்ர்ர்” எழுந்தது. தொடர்ந்து முரசு அதிர்ந்தது: “தவளையார் திருவாய் மலர்ந்தருளினார்! விளைச்சலில் பாதி அரண்மனைக்கு!”

தைலம்மையின் சிரிப்பு நின்றது. வரப்பை நோக்கிக் குனிந்தாள்.

“ஏண்டி, நீயா சொன்னே?”

நீலத்தவளை கண்ணை மட்டும் மூடித் திறந்தது. தொலைவில் மீண்டும் திருவாய் மலர்ந்தது. இம்முறை பாதியில் ஒரு வறட்டு இருமல் குறுக்கிட்டது.