ஈரத்தலை உட்கார்ந்த இடம்

கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டே மழையில் நனைந்த கிறிஸ்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஈரத்தலை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டர். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

எண்பதுகளின் கடைசி. நான் தேவதானம் பக்கம் ஒரு ஊரில் வாத்தியார். அங்கிருந்த பழைய லுத்தரன் கோயிலுக்குச் செயலாளரும் நானே. ஜெர்மன் பாதிரிமார் காலத்துக் கட்டடம். இரண்டு முழக் கனத்தில் சுவர், மேலே ஓடு. மழை ஞாயிறுகளில் ஈரத்தலை முதல் ஆளாக வந்து நாலாவது தூணோரம் பாயில் உட்கார்ந்துவிடுவார். ஆராதனை முடிந்து எழும்பும்போது தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கேட்டால், "வேர்வ சார்" என்பார். ஐப்பசிக் குளிரில் எங்களுக்கெல்லாம் பல் கிட்டும்போது இவருக்கு மட்டும் எப்படி வேர்க்கும்?

ஒருநாள் விடாமல் பிடித்துக் கேட்டேன்.

"வெளிய சொல்லிராதிய சார். ஒழுகுதுன்னு தெரிஞ்சா இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுருவாவ. இந்தச் சுவருக்கு, சுண்ணாம்புல கலக்கப் பதநீ சொமந்தது எங்க பூட்டன்."

"மேல ஏறிச் சரி பண்ணக் கூடாதா அண்ணே?"

"ஏறுனேன். ஒண்ண மாத்துறதுக்குள்ள மூணு ஒடஞ்சிட்டு. அதுக்கு என் தலயே மேலு."

மறு வருஷம் பெண்கள் பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. அங்கே இவர் போய் உட்கார முடியாதே! "ஏட்டி, செத்த நேரம் அங்கன உக்காரு" என்று மனைவியைக் கெஞ்சினார்.

"ஒம்ம தல போதாதுன்னு என் தலயும் வேணுமாக்கும்?" என்று அந்த அம்மா முறைத்தார். முறைத்துவிட்டு, முக்காட்டின்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. கோயில் இருக்கட்டுமா, இடித்துவிடலாமா என்று பார்த்துச் சொல்ல வெளியூரிலிருந்து சபைப் பெரியவர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. ஈரத்தலைக்கோ நல்ல காய்ச்சல். முந்தின நாள் பார்க்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் எடத்துல நீங்க உக்காருங்க சார்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் புதிதாகத் தைத்த டெரிகாட்டன் சட்டை போட்டிருந்தேன். மழை வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். தூணோரம் காற்று வரும் என்று பெரியவர் தன் நாற்காலியை அங்கேயே போடச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அவருடைய வழுக்கையில் முதல் சொட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணாந்து பார்த்தார். உளுத்த உத்திரமும் தெரிந்தது. பெண்கள் பக்கம் ஈரத்தலையின் மனைவி மட்டும் அசையாமல் நனைந்துகொண்டிருந்தார்.

அடுத்த கோடைக்குள் கோயில் தரைமட்டம். ஈரத்தலை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புதுச்சட்ட நனையலல்ல சார்?" என்று மெய்யான அக்கறையோடு கேட்டார். அந்தச் சட்டையை அப்புறம் நான் போடவே இல்லை.

அவரும் போய்விட்டார். புதுக்கோயிலில் ஒரு சொட்டுகூட இறங்குவதில்லை. தூண்களும் கிடையாது. மழை ஞாயிறுகளில் உத்தேசமாக அந்த இடத்தைப் பார்த்து உட்காருகிறேன். காய்ந்த தலையோடுதான் வீட்டுக்குப் போகிறேன், அண்ணே.