யானையைக் கடித்த குடும்பம்

செங்கல்பட்டு வட்டாரத்தில் மனிதர்களை முகத்தால் அடையாளம் தெரிந்துகொள்ளாத ஒரே ஆள் எங்கள் 'பல்செட்டு'தான். முகம் அவருக்கு வெறும் உறை. உள்ளே இருக்கும் பற்கள்தான் கடிதம். பத்து வருடம் பழகியவர் எதிரே வந்து வாயை மூடிக்கொண்டு நின்றால், "யாருப்பா நீ?" என்பார். வந்தவர் கோபத்தில் வாயைத் திறந்து திட்ட ஆரம்பித்ததும், "அட, நம்ம கீழ்வரிசை நெருக்கம்! வா, வா, குந்து" என்று நாற்காலியைத் துடைப்பார்.

ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில் அவர் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வீடு. எதிர் போர்ஷனில் நான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, இவர் செட்டு செய்து கொடுப்பார். அலமாரி முழுக்க வெள்ளை வெளேரென்று வாய் அச்சுகள். அந்த அறைக்குள் எப்போது நுழைந்தாலும் ஐம்பது பேர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் கீழே டீ குடிக்கப் போனோம். பெஞ்சின் மேல் ஒரு தட்டு. தட்டில் யாரோ பாதி கடித்து வைத்துவிட்டுப் போன மசால்வடை. பல்செட்டு குனிந்து பார்த்தார்.

"போஸ்ட் ஆபீஸ்காரரு வந்துட்டுப் பூட்டாரா?"

கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் நடுவானில் நின்றது. "இப்பதான் போறாரு. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மேல வலப்பக்கம் ஒரு பல்லு இல்ல அவருக்கு. வடைல அந்த எடம் மட்டும் கடிபடாம நின்னுகினு கீது பாரு."

அன்றிலிருந்து, சர்க்கரை வியாதி, இனிப்பே தொடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தக் கடையில் வந்து பாதுஷா தின்கிறவர்கள் ஒருவரும் மிச்சம் வைப்பதில்லை.

இன்னொரு நாள் ஒரு துக்க வீடு. ஊரே அழுதது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் பல்செட்டு. இறந்தவரின் மகன் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கப்பா மேல உங்களுக்கு இவ்ளோ பாசமாண்ணா?"

"உங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது நைனா. அந்த மேல்வரிசை கீது பாரு, அது நாலு நாள் வேலை!"

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு யானை இருந்தது. மர யானை. ஒரு சாண் உயரம், காலுக்கு ஒன்றாக நாலு சக்கரம், கழுத்தில் இழுக்க ஒரு கயிறு. அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு ஈறு தினவெடுத்தாலும் அந்த யானையைத்தான் கையில் கொடுப்பார்கள். மிருதுவான மரம். பிறந்த குழந்தைகள் எல்லாம் கடித்துக் கடித்து, அது யானையா ஆமையா என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. வாய் அச்சுகளுக்கு நடுவே, கண்ணாடிக் கதவுக்குள் அதற்குத் தனி இடம். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு முதலில் குடும்ப அறிமுகம் நடக்கும்.

"தும்பிக்கைல கீறாரே, இவருதான் எங்கப்பா. எப்பவும் முன்னால நிக்கணும் அவருக்கு. முதுகுல நானு. வாலு, எங்க சித்தப்பா. வயித்துல என் பொண்ணு செல்வி."

இடது காதுக்கு வரும்போது மட்டும் குரல் இறங்கும். "இது வசந்தாக்கா."

வசந்தாக்கா மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டவள். போட்டோ கிடையாது. சட்டை, வளையல் ஒன்றும் மிச்சமில்லை. உலகத்தில் அவள் வந்து போனதற்கு இருந்த ஒரே அடையாளம், அந்தக் காதில் இரண்டு அரிசி பதிந்ததுபோல இரண்டு சின்னக் குழிகள். தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் பல்செட்டு அந்தக் குழிகளில் கட்டைவிரலை ஒருமுறை வைத்து எடுப்பார். அவர் பட்டறையில் சாமி படம் கிடையாது.

போன வருடம் செல்வியின் பெண் குழந்தைக்குப் பல் முளைத்தது. ஊரப்பாக்கத்தில் அவர்கள் ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமை பல் கொழுக்கட்டை. குழந்தையை உட்காரவைத்து, பல் அளவுக்குப் பிடித்த குட்டிக் கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டுவார்கள். இவர்கள் வீட்டில் கூடவே ஒரு வழக்கம்: கொழுக்கட்டை விழுந்ததும் யானையை உருட்டிக்கொண்டு வந்து குழந்தை முன்னால் நிறுத்த வேண்டும். அந்த வாரம் பார்த்து முன்சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது.

சும்மா இருந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். "மாமல்லபுரத்துல எனக்குத் தெரிஞ்ச சிற்பி இருக்காரு அண்ணாத்த. மரவேலையும் நல்லாச் செய்வாரு. நான் எடுத்துட்டுப் போறேன்."

யானையைத் துண்டில் சுற்றி, பஸ் நிலையம் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "ஜன்னலோரமா குந்த வெய்யி. சக்கரம் மட்டும்தான் நைனா, சொல்லிடு." பஸ் கிளம்பியது. கூடவே நாலடி நடந்துகொண்டு மறுபடியும் சொன்னார். "சக்கரம் மட்டும்!"

சிற்பியின் கொட்டகையில் கடல்காற்றும் கல்தூசியும் கலந்து வீசிக்கொண்டிருந்தன. கல் அறுக்கும் மெஷினின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்தினேன். "சக்கரம் ஒண்ணு போயிடுச்சு. ஞாயித்துக்கெழம விசேஷம். கொஞ்சம் நல்லாப் பண்ணிக் குடுங்க!"

'சக்கரம் மட்டும்' என்பதற்குப் பதிலாக 'நல்லாப் பண்ணிக் குடுங்க' என்று ஏன் சொன்னேன்? கத்துகிற இடத்தில் அதுதான் வாய்க்கு வந்தது. எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் நாம் சொல்கிற வார்த்தைதானே அது!

சனிக்கிழமை மதியம் போனேன். யானை பளபளவென்று நின்றது. அன்று காலைதான் காட்டாற்றில் குளித்துவிட்டு வந்த மாதிரி.

"நகத்தால தடவிப் பாருங்க சார்" என்றார் சிற்பி, பூரிப்போடு. "தட்டாது. எங்க கொட்டாயிலேர்ந்து போற எதுவும் நகம் தட்டக் கூடாது. தட்டுனா வேலை முடியலேன்னு அர்த்தம். ஒடம்பெல்லாம் எலி கடிச்சு வெச்சிருந்திச்சு சார். மூணு நாளா தேய்ச்சேன். கொழந்த வாயில வெக்கும்னு வார்னிஷ்கூடப் போடல, தேங்காண்ணெதான்."

"எலி இல்லீங்க" என்றேன். "அது அவங்க குடும்பம்."

விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் புதுச் சக்கரத்துக்குக்கூட ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் யானையை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே வயலும் மலையும் ஏரியும் மாறி மாறி ஓடின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி எங்காவது போய்விடலாம் என்று தோன்றியது. யானையோடு எங்கே போவது?

பல்செட்டு துண்டைப் பிரித்தார். கட்டைவிரல் தானாக இடது காதுக்குப் போனது. வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. பிறகு, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்தார். பல்லை விட்டுவிட்டு முகத்தை.

"இன்னா நைனா, ஏன் மூஞ்சி இப்பிடி கீது? போ, போய் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சாப்பிடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நாலு மின்சார ரயில்களின் சத்தத்தை எண்ணினேன். ஐந்தாவது ரயில் வரும் முன் கதவு திறந்தது.

"வா. தொட்டுப் பாரு."

மேஜைமேல் பல் செதுக்கும் ஊசிக் கருவிகள். யானையின் இடது காதில் இரண்டு சின்னக் குழிகள்.

"வலது பல்லு கொஞ்சம் உள்ளாற திரும்பிகினு இருக்கும் அவளுக்கு. அறுவது வருசமாத் தடவறேன், என் கைக்குத் தெரியாதா? தும்பிக்கைல அப்பாவையும் போட்டுட்டேன்." கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டவங்க வேலைய நான் முடிச்சாச்சு. உசுரோட கீறவங்க அவங்க அவங்களே வந்து கடிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கம், நாலாவது மாடி. தலையெல்லாம் கொழுக்கட்டையோடு குழந்தை காத்திருக்க, பெரியவர்கள் வரிசையில் நின்று யானையைக் கடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி பட்டுப்புடவையோடு யானையின் வயிற்றைக் கடித்தாள். பல்செட்டு கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் கடித்தார். எண்பது தாண்டிய சித்தப்பாவின் முறை வந்தபோதுதான் சிக்கல்.

"சித்தப்பா, அது நான் பண்ண செட்டு. அதுல கடிச்சா செல்லாது. கழட்டு" என்றார் பல்செட்டு.

"என் வாயில கீது இல்ல? அப்ப என் பல்லுதான்."

"வெறும் ஈறால கடி, போதும்."

"டேய், மானம் போவுதுடா! சம்பந்தி பாத்துகினு கீறாரு!"

சொல்லிவிட்டு வாலில் ஒரே கடி. மேலும் கீழும் வரிசை பிசகாமல் பதிந்தது. அந்தக் குடும்ப வரலாற்றிலேயே அவ்வளவு ஒழுங்கான கடி கிடையாது. பல்செட்டு யானையை வாங்கிப் பார்த்தார். முகத்தில் வந்த பெருமையை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு யானை என் முன்னால் வந்தது.

"இன்னா பாத்துகினு கீற? கடி."

"நான் உங்க வூட்டு ஆளு இல்லியே அண்ணாத்த."

"அழிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப கடி."

இடது பின்னங்காலைக் கடித்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் கொஞ்சம் கல்தூசியின் கரகரப்பு.

யானை உருண்டு போய்க் குழந்தையின் முன்னால் நின்றது. குழந்தை தும்பிக்கையைப் பார்த்தது, வாலைப் பார்த்தது. கடைசியில் இடது காதைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

"அக்கா பக்கத்துலயே எடம் புடிச்சிட்டா பாரு" என்றார் பல்செட்டு, யாருக்கும் கேட்காத குரலில். எனக்குக் கேட்டது.

யானை திரும்பவும் கண்ணாடிக் கதவுக்குள் வந்துவிட்டது. வருகிறவர்களுக்கு அறிமுகமும் நடக்கிறது. பின்னங்காலுக்கு வரும்போது என்ன சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம்.

காலையில் ரயிலைப் பிடிக்க ஓடும்போது மாடியில் அவரிடம் சொல்லிக்கொள்ள நேரமிருப்பதில்லை. கீழே டீக்கடையில் ஒரு மசால்வடையைப் பாதி கடித்துத் தட்டில் வைத்துவிட்டு ஓடுகிறேன். அவர் இறங்கி வரும்போது பார்த்துக்கொள்வார்.