மீதி நைனா கடையில் ஒரு காலணா குறையும்

இதுவரை எந்தக் கடையிலும் நான் சில்லறையில் ஏமாந்தது கிடையாது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதன் ஆயுசு முழுக்க ஏமாற வேண்டியதை, அரை டவுசர் வயசிலேயே மீதி நைனாவிடம் ஏமாந்து தீர்த்துவிட்டேன், அவ்வளவுதான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் சரி, குழந்தைகளை அவ்வளவு நேர்மையாக ஏமாற்றிய கடைக்காரர் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில், ஊரை விட்டுத் தள்ளி, ஒற்றையாக நின்றது அவர் கடை. எந்த ஜோசியன் பேச்சைக் கேட்டு அங்கே கடை போட்டாரோ தெரியாது. வெல்லம், புளி, பீடி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், ஒரு மூட்டை பொட்டுக்கடலை. கடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அதுதான் வீடு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, பேருக்கு ஒரு பூனைகூட இல்லை. பூந்தமல்லிக்குப் போகும் வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தாமலே பீடிக்குக் கை நீட்டுவார்கள். கழனிக்குப் போகிறவர்கள் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நின்று ஒரு வார்த்தை பேச அந்தக் கரையில் யாருக்கும் வேலை இல்லை.

நாங்கள்தான் போவோம். போனால் சும்மா வரமாட்டோம், குறைந்த சில்லறையோடு வருவோம்.

அணாக் கணக்கு மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. அம்மா இரண்டணாவைக் கையில் திணித்து வெல்லம் வாங்கிவரச் சொல்வாள். வெல்லம் ஒண்ணேகாலணா. மூன்று காலணா மீதி வரவேண்டும். மீதி நைனா இரண்டைக் கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி, "பத்திரமா எட்த்துகினு போ நைனா" என்று அனுப்பிவைப்பார். வீட்டில் அம்மா எண்ணிப் பார்த்து என் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

"அந்தாளு கண்ணு எங்க கீது, உன் கண்ணு எங்க கீது? போய் வாங்கிகினு வா!"

திரும்ப ஓடினால், அங்கே அவர் எனக்காகவே சாக்கைத் தட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் கல்யாணக்களை.

"காலணா கொறையுதா? யாரு சொன்னது?"

"அம்மா."

"அம்மா சொன்னா ஆச்சா? நீ சொல்லு. ஒக்காரு."

கேட்டவுடன் கொடுத்துவிடமாட்டார். நாமே நிரூபிக்க வேண்டும். வெல்லக்கட்டியை நடுவில் வைப்பார். "இது ஒண்ணேகால். அதும்மேல ஒரு காலணா வை. இன்னா ஆச்சு?"

"ஒண்ணரை."

"இன்னொண்ணு வை."

"ஒண்ணே முக்கால்."

"நீ குட்த்தது ரெண்டாச்சே. இன்னும் இன்னா வேணும்?"

"ஒரு காலணா!"

"அடி சக்கை! நானு ஏமாத்திட்டனா?" என்று அவரே வாயில் கையை வைத்துக்கொள்வார். பிறகும் விடமாட்டார். நான் கடைக்காரன், அவர் வாடிக்கைக்காரர். ஒரு நாள் பேரம் பேசும் மாமியாராக முந்தானை போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாள் கள்ளு குடித்த வண்டிக்காரராக ஆடிக்கொண்டு வந்து, வாங்காத பீடிக்கு மீதி கேட்பார். ஒரு நாள் பரங்கிமலைத் துரையாக வந்து, தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையான "எஸ்"ஸை வைத்துக்கொண்டே முழுச் சண்டையும் போடுவார். எல்லாருக்கும் நான் சரியாக மீதி கொடுத்து முடித்தால், ஒரு கை பொட்டுக்கடலை. அதற்குள் வெல்லத்தில் எறும்பு ஏறி, வீட்டில் அடுப்பு அணைந்து, அம்மா வாசலில் பத்திரகாளியாக நிற்பாள்.

ஒரு தரம், குறைப்பதற்குப் பதில் கூடக் கொடுத்துப் பார்த்தார். கோவிந்தன் என்று ஒரு பையன். அரையணா அதிகமாக வாங்கிக்கொண்டு போனவன், அடுத்த பொங்கல் முடியும்வரை ஏரிக்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. "கூட குட்த்தா ஒருத்தனும் திரும்பி வரமாட்டேங்கறான் நைனா" என்று என்னிடம் புலம்பினார். அரையணா போன புலம்பலாக அது இல்லை.

என் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு, கழனிச் சேற்றோடு கடை வாசலில் போய் நின்றார்.

"யோவ், எனக்கு என்னிக்காச்சும் சில்லறை கொறைச்சிக் குட்த்துகிறியா?"

"இல்ல அண்ணாத்தே. பெரியவங்களுக்கு ஒரு தம்பிடி கொறைக்க மாட்டேன்."

"அப்ப புள்ளைங்கள மட்டும் ஏமாத்துறியே, வெக்கமா இல்ல?"

"ஏமாத்தலியே, திருப்பிக் குட்த்துடறனே."

"திருப்பிக் குடுக்கறவன் எதுக்குய்யா கொறைக்கற?"

மீதி நைனா தராசுத் தட்டைத் துடைத்தார். சுத்தமாக இருந்த தட்டை மறுபடியும் துடைத்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "கொறைச்சாத்தான் திரும்பி வருது அண்ணாத்தே."

அடிக்கப் போன அப்பா, ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மாவிடம், "இனிமே வெல்லம் வேணும்னா இவனையே அனுப்பு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா என் தலையில் குட்டவில்லை.

ஆனால் மனுஷர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குக் கணக்கு வந்துவிட்டது. கடை வாசலிலேயே எண்ணி, "நைனா, காலணா கொறையுது" என்று அப்போதே வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தோம். அவர் சும்மா இருப்பாரா? மீதியைத் தம்பிடியாகவே கொடுக்கத் தொடங்கினார். எண்ண நேரமாகுமே! கை நிறையப் புளியங்கொட்டை மாதிரி வழியும். அதையும் மும்மூன்றாகத் தள்ளி, கண் மூடித் திறப்பதற்குள் எண்ணிவிட்டோம். "கெட்டிக்காரனாய்ட்ட, போ" என்பார். புகழ்கிற குரல் அப்படி இருக்காது. பிறகு நாங்கள் வளர்ந்தோம். வளர்ந்த பிள்ளையை யார் வெல்லம் வாங்க அனுப்புகிறார்கள்?

படிப்பை முடித்துப் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவானேன். ஜார்ஜ் டவுனில் ஒற்றை அறையில் தனி வாசம். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால், காலையில் போட்ட பூட்டுதான் என்னை வரவேற்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவது என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் வந்தது. ஆவடியில் ராணுவ லாரிகள் புழுதியைக் கிளப்பின. சில்லறை எங்கே போய் ஒளிந்ததோ, காலணாவைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாயிற்று. அப்படி ஒரு சமயம் லீவில் ஊருக்கு வந்தவன், ஒரு சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். கடை இருந்தது. வாசலில் சாக்கும் இருந்தது, விரித்தபடி, வெறுமையாக.

"யாரு, பெரிய நைனாவா? வா வா" என்றார். நன்றாகத் தளர்ந்திருந்தார்.

"புள்ளைங்க யாரையும் காணோமே?"

"ரயிலு டேசன் கிட்ட புதுக் கடை வந்துகீது. சில்லறை இல்லேன்னு மீதிக்கு மிட்டாய் குடுக்கறானாம். புள்ளைங்க எல்லாம் அங்கதான் போதுங்க." சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டார். "மிட்டாயில இன்னாத்த நைனா எண்றது? வாயில போட்டா முடிஞ்சுபோச்சு. எவன் திரும்பி வருவான்?"

அவரிடம் மட்டும் சில்லறை இருந்தது. பூந்தமல்லி சந்தை வரை நடந்து, வெற்றிலை வியாபாரிகளிடம் கெஞ்சி மாற்றி வருவாராம். வராத பிள்ளைகளுக்காக. நடுவில் ஓட்டை போட்டு வந்திருந்த புதுக் காலணா ஒன்றை விரலில் மாட்டிக் காட்டி, "ஓட்டைக்கும் சேத்து காலணாவாம், சர்க்காருக்காரனுங்க என்ன வுட பலே ஆளுங்கப்பா" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு நாலணாவை நீட்டினேன். மீதி கொடுத்தார். பழக்க தோஷம், அங்கேயே எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு தம்பிடி குறையவில்லை.

அவர் கணக்கில் நான் பெரியவனாகிவிட்டேன். திரும்பி வரமாட்டேன் என்று எழுதி முடித்த ஆள்.

மதகு வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து கடை வாசலில் நின்றேன்.

"நைனா, காலணா கொறையுது."

மீதி நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவர்களுக்கு ஒரு நாளும் குறைத்துக் கொடுக்காத மனிதர். கணக்கு அவருக்குத் தெரியாதா? மெல்ல இறங்கி வந்து, சாக்கின் தூசியைத் தட்டினார்.

"யாரு சொன்னது?" என்றார்.

"நான்தான் சொல்றேன்."

"ஒக்காரு."

தீப்பெட்டியை நடுவில் வைத்தார். சரியாக இருந்த அந்தச் சில்லறையை, இருட்டிக் காசின் எழுத்து மறையும்வரை நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.