சத்தத்துக்குப் பயந்த ஸ்பீக்கர் பாஸ்

கடலுக்குப் பயந்த மீனவரை நான் கண்டதில்லை. நெருப்புக்குப் பயந்த பேக்கரிக்காரரையும் கண்டதில்லை. ஆனால் சத்தத்துக்குப் பயந்து நடுங்குகிற ஸ்பீக்கர் திருத்துநர் ஒருவரை எனக்குத் தெரியும். உலகத்திலேயே அப்படி ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குக் கடை திருகோணமலையில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கைவேலை தெரிந்த எவரும் எங்கள் ஊரில் ‘பாஸ்’தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்பதுபோல இவர் ‘மெதுவா பாஸ்’. கடைக்குள் ஒரு காலை வைத்தால் “மெதுவா!” என்பார். மற்றக் காலையும் வைத்தால் “மெதுவா, மெதுவா!” என்பார். செருப்பைக் கழற்றி விட்டால் அந்தச் சத்தத்துக்கும் தனியாக ஒன்று உண்டு.

வாசலில் ஒரு பலகை. ‘ஹைஃபை ஸ்பீக்கர் திருத்தித் தரப்படும்’ என்று கடுகு எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பூசணிக்காய் எழுத்தில், ‘தட்ட வேண்டாம். கூப்பிட வேண்டாம். வந்து நிற்கவும்.’ அவராகத் தலை நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்க வேண்டியதுதான். ஊருக்குள் திரிகிற மான்கள் சிலவேளை அங்கே வந்து நிற்கும். அவருக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள் அவைதான். முதல் நாள் நானும் ஒரு மானும் சேர்ந்து இருபது நிமிடம் நின்றோம். நிமிர்ந்தவர், மானைத்தான் முதலில் விசாரித்தார்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் கணவர், என் அத்தான், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் அறைக்குள் கத்திக் கத்தியே காலம் போனதால், உப்புக் கேட்பதென்றாலும் புயல் எச்சரிக்கை விடுவதுபோலத்தான் கேட்பார். நிலாவெளியில் நின்று அவர் “தம்பி!” என்றால், ஓர்ஸ் ஹில் கந்தோரில் கோப்புப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் எழும்பி நிற்பேன். அப்படிப்பட்டவர் உலகத்தில் இரண்டு பேரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். இரண்டு பேரும் ஸ்பீக்கர்கள். இடுப்பளவு உயரம், தேக்குப் பெட்டி, ஏதோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில் வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தவை.

மகளைப் பார்க்க ஆறு மாதம் கனடா போகும்போது, பூட்டிக் கிடக்கும் கடற்கரை வீட்டில் உப்புக் காற்று அவற்றைத் தின்றுவிடும் என்று இரண்டையும், கூடவே அம்பிளிபயரையும், என் வீட்டு முன்னறையில் இறக்கினார்.

“தூசி தட்டு. துணியால மூடு. பாட்டு மட்டும் போடாதை. விளங்குதோ?”

“ஓம் அத்தான்.”

“என்ன ஓம்?”

“போடமாட்டன் அத்தான்.”

ஐந்து மாதம் போடவில்லை. ஐந்து மாதம் ஒரு மனிதன் நல்லவனாக இருப்பது சின்ன விசயமில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. ஒரேயொரு தவில் தனி, அதுவும் பத்து நிமிடம், என்று எனக்கு நானே அனுமதி கொடுத்தேன். எட்டாவது நிமிடம் வலது பக்க ஸ்பீக்கர் ‘பட்’ என்றது. பிறகு தகரத்தில் அரிசி கொட்டுவதுபோலக் கரகரத்தது. பிறகு தீய்ந்த மணம் வந்தது. பிறகு அதற்குப் பேச்சே இல்லை.

அன்று பின்னேரமே அக்கா போன் எடுத்தார். “டிக்கெட்டை மாத்திப்போட்டம் தம்பி. அடுத்த சனி வந்திடுவம். அத்தானுக்கு ஸ்பீக்கரை நினைச்சு நித்திரையில்லையாம்.”

எனக்கும் அன்றிலிருந்து இல்லை.

மெதுவா பாஸ் என் ஸ்பீக்கரை மேசையில் மல்லாக்காகக் கிடத்தினார். என்னைக் கதிரையில் இருத்தினார். கதிரை கிரீச்சிட்டதால் எழுப்பிவிட்டார்.

“எவ்வளவு வைச்சனீங்கள்?”

“கொஞ்சம்தான் பாஸ்.”

“கொஞ்சமெண்டா?”

“பாதி.”

“பாதிதானோ?”

“முக்கால்.”

குடிகாரனை விசாரிக்கும் டொக்டரைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார். “என்ன போட்டனீங்கள்?”

“தவில்.”

“ஐயோ, முருகா” என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

நாலு ஆணியைக் கழற்றினார். ஸ்பீக்கரின் முன்னால் ஆடுகிற கறுத்தக் கடதாசிப் புனலைக் கோன் என்பார்கள். அதைச் சுற்றியிருந்த பஞ்சு விளிம்பு, தேத்தண்ணியில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. உள்ளே கொயில், அதாவது கோனை ஆட்டுகிற செம்புக் கம்பிச் சுருள், கருகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பாஸ் பாய்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கிழிந்த கோனைப் பொத்திக்கொண்டார். குழந்தையின் காதைப் பொத்துவதுபோல. ஊதி முடிந்து எதிரொலியும் அடங்கிய பிறகுதான் கையை எடுத்தார்.

“பயந்திட்டுது” என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை.

கந்தோர் முடிந்ததும் தினமும் அங்கே போய் நின்றேன். வீட்டில் இருந்தால் மற்ற ஸ்பீக்கர் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அப்படி நின்றதில்தான் அவருடைய வித்தைகளைக் கண்டேன். புதுக் கொயிலைச் சரி நடுவில் நிறுத்துவதற்கு எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீலமாக வெட்டிச் சுற்றிவரச் சொருகுவார். பசை காய்ந்ததும் உருவி எடுப்பார். மயிரிழை விலகினாலும் கொயில் உரசும், ஸ்பீக்கர் கரகரக்கும்.

“ஆரின்ர எக்ஸ்ரே பாஸ்?”

“என்ர நெஞ்சுதான். மற்ற ஆக்களின்ர நெஞ்சை வெட்டக் கூடாதுதானே.”

சின்ன பற்றரி ஒன்றை வயரில் தொட்டு, கோன் அசைகிறதா என்று பார்ப்பது அடுத்த கட்டம். அதற்கு முன் வாசலுக்கு வந்து ஒழுங்கைக்கே அறிவிப்பார். “ஒரு டக் வரும்! ஒரேயொரு டக்!”

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கிண்ணியா நானா அடுப்படியிலிருந்து, “அடிங்க பாஸ், நாங்க ரெடி!” என்பார். தேத்தண்ணி குடிக்கிறவர்கள் கோப்பையைக் கீழே வைப்பார்கள். பாஸ் உள்ளே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றரியைத் தொடுவார். பல்லி சொன்னதுபோல ஒரு சின்ன ‘டக்’. பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்திருப்பார்.

மூன்றாம் நாள், எங்கோ கடலில் யாரோ மீனுக்கு வெடி போட்டார்கள். கதவு இலேசாக அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன், பாஸைக் காணவில்லை. மேசைக்குக் கீழே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, “ஆணி ஒண்டு விழுந்திட்டுது” என்றார். கையில் ஆணி இருக்கவில்லை. அவருக்கு அப்படி அடிக்கடி ஆணி விழுமாம். நானா சொன்னார். “ஏன் நானா இவ்வளவு பயம்?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். நானா என் கோப்பையை வாங்கிக் கழுவிக்கொண்டே, “அதெல்லாம் இந்த ஊரில கேக்கிறல்ல தம்பி” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் சண்டைக் காலத்தைக் கண்ட எல்லோரிடமும், மேசைக்குக் கீழே போன கதை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. என்னிடமும் இருக்கிறது.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. கோனை நாலு விரலால் அமத்தி, விட்டு, காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. நுளம்பு பாடுவதுபோன்ற சத்தத்தில் ஒரு பாட்டு வைத்துக் காட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

“தம்பி, தவில் எரிச்சா கொயில் இப்பிடி எரியாது. ஆரோ அதை முன்னுக்குத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நெருப்பு வைச்ச மாதிரிக் கிடக்கு. எனக்கு அம்ப்பிலதான் சந்தேகம். அதையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ.”

அம்பிளிபயர் பெட்டியின் மூடிக்கு மேல் அத்தான் தன் கையெழுத்தோடு டேப் ஒட்டியிருந்தார். திறந்தால் தெரிந்துவிடும். “அம்ப் நல்லாத்தான் இருக்கு பாஸ்” என்று பொய் சொன்னேன். “அத்தான் வந்ததும் முழுச் சத்தத்தில வைச்சுத்தான் பாப்பார். தாங்கும்தானே?”

“முழுசாவோ?” பாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் எப்போது வருவார், என் வீடு எங்கே என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தானும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அத்தான் என் மனைவியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே போய்த் துணியை விலக்கிப் பெட்டியைத் தடவினார். “நல்லாத்தான் வைச்சிருக்கிறாய்!” என்றார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்போதுதான் படலை திறந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவா பாஸ் வந்தார். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். காது இரண்டிலும் ஹெல்மெட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற அளவு பஞ்சு.

“ஆர் இது?” என்றார் அத்தான்.

“கூட்டாளி” என்றேன். வேறு என்ன சொல்ல?

“சைக்கிளுக்கு ஏன் ஹெல்மெட்?”

“பழக்கம் ஐயா” என்று சொல்லிவிட்டுப் பாஸ் ஹெல்மெட்டோடேயே முன்னறைக்குள் வந்து, வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். முன்மூடியைக் கழற்றி, கோனின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார். அவருடைய கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நாடி பார்க்கும்போது வைத்தியரே நடுங்கினால் நோயாளியின் உறவுக்காரனுக்கு எப்படி இருக்கும்? சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தான் பாட்டைப் போட்டார். கால், அரை, முக்கால். மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகள் நடக்கத் தொடங்கின. முற்றத்தில் காகம் எழும்பிப் போனது. பாஸ் கண்ணை இறுக்க மூடியிருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து கழுத்தில் ஓடியது. ஆனால் விரலை எடுக்கவில்லை. அத்தான் சிரித்துக்கொண்டு கடைசி வரைக்கும் திருகினார்.

“நிப்பாட்டுங்கோ!”

எங்கேயிருந்து வந்தது என்று ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் பாட்டையும் மேவிக்கொண்டு வந்தது அந்தக் குரல். அத்தானுடைய குரலே அதன் முன்னால் பூனைக்குட்டி. எழும்பி நின்று கத்தியவர் மெதுவா பாஸ். கத்தியதோடு நிற்காமல் பாய்ந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் செத்துப்போனது. அடுத்த நிமிடம் அம்பிளிபயரின் முதுகுப் பக்கத்தால் சாம்பல் நிறப் புகை எழும்பியது. அதற்குப் பின்னால் தொங்கியது என் மனைவியின் நைலோன் திரைச்சீலை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அது பிடித்திருக்கும். அதற்கு மேலே பலகைக் கூரை.

பாஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“கோன் முன்னுக்குப் போய் அங்கயே நிண்டுட்டுது ஐயா. திரும்பி வரேல்ல. அம்ப் கரண்டை நேராக் கக்குது. போனமுறையும் இதுதான் கொயிலை எரிச்சது.”

“போனமுறையோ?” என்றார் அத்தான்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நான்தான் இந்தக் கிழமை புதுக் கொயில் போட்டனான்” என்றார் பாஸ். “இவர் தவில் போட்டவர். அது பிழைதான். ஆனா எரிச்சது இவரில்லை, உங்கட அம்ப். திறந்து பாருங்கோ.”

ஆறடி அத்தானுக்கு முன்னால் அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பிசிறும் இல்லை. பிறகு ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். “எனக்குச் சத்தத்துக்குத்தானே தம்பி பயம். மனிசருக்கு என்னத்துக்கு?” என்றார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களை எண்ணத் தொடங்கினேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் அவர் வாய் திறக்க முதல் அக்கா திறந்தார்.

“போறத்துக்கு முதலே இதில புகை மணக்குதெண்டு நான் சொன்னனானோ இல்லையோ?”

அத்தான் என்னவோ முணுமுணுத்தார்.

“கேக்கேல்ல!”

“சொன்னனீர்” என்றார் அத்தான். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறதென்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கப்பல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர், அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கப் பயந்து, மணத்தை மறைக்க மூடிக்கு டேப் ஒட்டியிருக்கிறார்.

எனக்குத் திட்டு விழாமல் போகவில்லை. சித்திரை வரைக்கும் தவணை முறையில் விழுந்தது. ஆனால் அம்பிளிபயரைத் திருத்த அத்தானே பாஸிடம் கொண்டு போனார். பலகையை வாசித்துவிட்டு, நாற்பது நிமிடம் பேசாமல் நின்றாராம். நானா அதைப் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

இப்போது என் வீட்டில் சொந்தமாக ஒரு சோடிச் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. ஒரு பழுதும் இல்லை. வருசப்பிறப்பன்று காலையில், ஊர் வெடி கொளுத்தத் தொடங்க முதல், அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாஸின் கடைக்குப் போய்விடுவேன். “கொஞ்சம் கரகரக்குது பாஸ்” என்பேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி மேசையில் கிடத்தி, நாலு ஆணியையும் கழற்றுவார். வெளியே முதல் சரம் வெடிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருப்போம்.