ஜல்தி அக்காவும் பதினான்கு மூக்குகளும்

ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு ஆரணியில் எவரும் நிம்மதியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. பட்டு நூல் கடை ஒன்றின் மாடியில் ஜல்தி அக்கா தம் நிறுவனத்தைத் தொடங்கிய நேரம் அது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட, அல்லது அதன் வாசலையே மிதிக்காத நெசவுப் பெண்களுக்குத் தறியில் இருந்தபடியே எழுத்துக் கற்றுத்தரும் செயலியை அவர் உருவாக்கியிருந்தார். சென்னை அறக்கட்டளை ஒன்று பதினான்கு டேப்லெட்களை இரவல் தந்திருந்தது. முதுகலைத் தமிழ் படிக்கும் நான் பாடம் எழுதச் சேர்ந்தேன். அக்காவின் இயற்பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை நின்று படிக்க அவர் யாருக்கும் அவகாசம் தந்ததில்லை.

அலுவலகத்தில் ஒரே நாற்காலி, அதுவும் எனக்கு. அக்கா நடந்துகொண்டே பேசுவார், நடந்துகொண்டே உண்பார், நடந்துகொண்டே தேநீர் குடிப்பார். எதிர்க்கடையின் கண்ணாடி தம்ளர் ஒன்று அவர் கையோடு பேருந்தேறிப் பெரணமல்லூர் வரை போய்த் திரும்பியது. அன்று முதல் கடைக்காரர் அவருக்குக் காகிதக் கோப்பையில்தான் கொடுத்தார்.

நான் எழுதிய முதல் பாடம், ‘எழுத்து என்பது ஒலியின் வரிவடிவம் என்பதை முதற்கண் நாம் உணர்தல் வேண்டும்’ என்று தொடங்கியது. அக்கா படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அதைப் படித்தார். பாதியில் திரும்பி ஏறி வந்தார்.

“ஏ இலக்கியம்! யாரு உணரணும்? சாந்தி பஸ் போர்டு படிக்கணும், அவ்ளோதான். ஜல்தியா மாத்து.”

சாந்தி எங்கள் முதல் மாணவி, முப்பத்தைந்து வயது. சேத்துப்பட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்படும் போதெல்லாம், எந்தப் பேருந்து என்று நான்கு பேரிடம் கேட்பார். ஒருமுறை ஐந்தாவதாக ஒருவன் வேண்டுமென்றே தவறாகச் சொல்ல, வேறு ஊரில் போய் இறங்கினாராம். “அன்னிக்கு அழுவலக்கா. ஆனா இனிமே ஒருத்தன் கிட்டயும் கேக்கக் கூடாதுன்னு இருக்குது” என்றுதான் வந்து சேர்ந்தார்.

அக்காவின் அவசரம் செயலிக்குள்ளும் குடியேறியிருந்தது. முப்பது நொடி திரையைத் தொடாவிட்டால், “இருக்கீங்களா?” என்று அக்காவின் குரலே கேட்கும். மேலும் பத்து நொடியில் பாடம் மூடிக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து விவரங்களைப் பார்த்தோம். பதினான்கு பேரும் எல்லாப் பாடங்களையும் முடித்திருந்தார்கள். அக்கா மாடியை மூன்று முறை வலம் வந்தார். பிறகு நான் விடைகளைத் திறந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ என மூன்று விடைகள். பதினான்கு பேரும், எல்லாக் கேள்விகளுக்கும், ‘ஆ’ என்றே விடையளித்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அறக்கட்டளை அதிகாரி வருவதாக இருந்தார். பெண்கள் கற்கவில்லை என்று தெரிந்தால் டேப்லெட்கள் வேறு ஊருக்குப் போய்விடும். சாந்தி மறுபடியும் நான்கு பேரிடம் கேட்க வேண்டியதுதான்.

“காப்பி அடிச்சிகினு கீறாங்க!” என்று சீறிய அக்கா, புதன்கிழமை காலை என்னை இழுத்துக்கொண்டு சாந்தியின் வீட்டுக்கு விரைந்தார்.

சாந்தி தறிக்குழியில் கால்களை இறக்கி நெய்துகொண்டிருந்தார். வலக்கை, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவின் கயிற்றை இழுத்தது, இடக்கை பலகையை அடித்தது, கால்கள் மிதிகளில். டேப்லெட், தறியின் மேற்சட்டத்திலிருந்து கயிற்றில், முகத்துக்கு நேராகத் தொங்கியது. “இருக்கீங்களா?” என்றது அக்காவின் குரல்.

“கீறேன், கீறேன்” என்று சொல்லிவிட்டு, சாந்தி முன்னால் குனிந்து மூக்கால் திரையைத் தொட்டார். மூக்கு நேராகப் போய் நடுவில் பட்டது. நடுவில் இருந்தது ‘ஆ’.

“என்னா சாந்தி இது?”

“கை எங்கக்கா காலியா கீது? எல்லாரும் இப்படித்தான். கனகா மூக்கு நீட்டு, அவளுக்குக் குனியவே வாணாம்.”

வாழ்வில் முதல் முறையாக அக்கா நின்ற இடத்தில் நின்றார். “எம் புத்தியால வந்த பேஜாரு” என்றார். “கை எப்பதான் காலியாவும்?”

“தார் தீர்ந்தா மாத்தணும் இல்ல, அப்ப.”

தார் என்பது நாடாவுக்குள் இருக்கும் சிறு நூற்கண்டு. அது தீரும்போது தறி நிற்கும், கை விடுபடும். அக்கா அங்கேயே கடிகாரம் வைத்துப் பார்த்தார்: ஏறக்குறைய ஏழு நிமிடம். “ஒரு தாருக்கு ஒரு பாடம். தார் தீர்ந்ததும் ஒரு கேள்வி, விரலால. நடுவுல எவளும் ‘இருக்கீங்களா’ன்னு கேக்கக் கூடாது, நான் உள்பட.”

அன்று இரவுக்குள் அவர் செயலியைத் திருத்தினார். நான் பாடங்களைத் திருத்தினேன். என் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் தார் அளவுக்குச் சுருங்கின. என் பேராசிரியர்கள் ஐந்தாண்டில் செய்ய முடியாதது அது.

வெள்ளிக்கிழமை அதிகாரி சாந்தியின் வீட்டிலேயே விவரங்களைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “முந்தாநாள் வரை எல்லாம் ‘ஆ’. நேத்துலேருந்து பாதிக்கு மேல தப்பும்மா!”

“ஆமாங்க சார்!” அக்கா பெருமையில் குதித்தார். “மூக்கு யோசிக்காது சார், நடுவுல போயி இடிக்கும். இது விரல் யோசிச்சுப் போட்ட தப்பு!”

அவர் புரியாமல் விழித்தார். சாந்தி குனிந்து மூக்கால் தொட்டுக் காட்டினார். அதிகாரி வெகுநேரம் சிரித்தார். பிறகு சரியாக இருந்த மீதி விடைகளையும் பார்த்தார். “மூணு மாசம் இங்கயே இருக்கட்டும். அப்புறம் வந்து பாக்கறேன்” என்றார்.

மறுநாள் காலை அக்கா சாந்தியையும் என்னையும் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு பேருந்து வந்து நின்றது. சாந்தி அதன் பலகையை அண்ணாந்து பார்த்தார். “சே… த்…”

“ஏறும்மா, ஏறு! போவணும்!” என்றார் நடத்துநர்.

“…து… ப்…”

ஏறச்சொல்ல நான் வாய் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேருந்து நகர்ந்தது. அதன் பின்பலகையைப் பார்த்தபடி, “…ப… ட்… டு” என்று சாந்தி முடித்தபோது அது வாயிலைக் கடந்திருந்தது.

அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஜல்தி அக்கா அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில், எங்கள் இருவருக்கும் இடம் விட்டு, உட்கார்ந்தார்.